கேப் பிரெட்டன் தீவில் ஐந்து நாட்கள்: லூயிஸ்பர்க் கோட்டைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாமா?

குடந்தைச் செல்வன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மிசிசாகாவில் வசிக்கிறோம். கும்பகோணத்திலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். ஜூலை இறுதியில் அவர்களையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக்குப் போவதாக இருக்கிறோம். அங்கே எங்களுக்கு முழுதாக ஐந்து நாட்கள் கிடைக்கும். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எந்த ஊருக்குப் போனாலும் கல்வெட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தட்டையான பாதையில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு என்றால் தயங்குவார். மனைவிக்கு மலைப்பாதைகளில் நடக்க ஆசை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு.

என் ஐயம் லூயிஸ்பர்க் கோட்டையைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டு உடை அணிந்த ஆட்கள் அங்கே ரொட்டி சுடுவதையும் துப்பாக்கி வெடிப்பதையும் படங்களில் பார்த்தேன். அந்தக் கோட்டை பழைய கோட்டையே அல்ல, 1960களில் புதிதாகக் கட்டியது என்று ஒரு நண்பர் சொன்னதிலிருந்து அப்பாவின் ஆர்வம் பாதியாகிவிட்டது. “வேடம் கட்டியவர்களைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா?” என்று கேட்கிறார். கபோட் டிரெயில் சாலையை ஒரே நாளில் சுற்றிவிட்டுத் திரும்பினால் போதும், தீவில் வேறொன்றும் இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். அங்கே போய்வந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிக்கரை

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹாலிஃபாக்ஸில் வாழ்கிறேன். லூயிஸ்பர்க்குக்கு ஐந்தாறு முறை போயிருக்கிறேன். உங்கள் அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் அவருக்கான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. சென்னைப் பட்டணத்தைக் கொடுத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைத் திரும்ப வாங்கினார்கள்.

1745-இல் பாஸ்டன் பக்கத்துக் குடியேறிகள் திரட்டிய படை, ஆங்கிலேயக் கப்பற்படையின் துணையோடு லூயிஸ்பர்க்கை ஏழு வாரம் முற்றுகையிட்டுப் பிடித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அதே போரின் மறுமுனையில், பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையையும் ஜார்ஜ் கோட்டையையும் கைப்பற்றினார். அங்கே எழுத்தராக இருந்த இளைஞர் கிளைவ் மாறுவேடத்தில் கடலூர்ப் பக்கம் தப்பியோடியதும், புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை இந்நிகழ்ச்சிகளைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்ததும் உங்கள் அப்பா வகுப்பில் நடத்திய பாடமாகவே இருக்கும். 1748-இல் எய்-லா-ஷப்பேல் உடன்படிக்கை கையெழுத்தானபோது சென்னை ஆங்கிலேயருக்கும் லூயிஸ்பர்க் பிரெஞ்சுக்காரருக்கும் திரும்பிச் சென்றன. தங்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஊரை, எங்கோ கிழக்கில் இருக்கும் ஒரு வணிகக் கோட்டைக்காக லண்டன்காரர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பாஸ்டன் குடியேறிகள் கொதித்துப்போனார்கள். அவர்களுடைய கோபத்திலும் நியாயம் உண்டு: முற்றுகையில் இறந்தவர்களைவிட, வெற்றிக்குப் பிறகு அந்த இடிந்த ஊரைக் காத்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில் நோயால் இறந்தவர்களே பல மடங்கு அதிகம். நான் முதல்முறை போனபோது இது எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை அரசனின் கொத்தளத்தின்மேல் நின்று மூடுபனிக்குள் பார்த்தபோது, மெரினாவும் இதுவும் ஒரே பேரேட்டில் வரவும் செலவுமாக எழுதப்பட்டவை என்ற நினைப்பு என்னை விட்டு நீங்கவில்லை.

புதிதாகக் கட்டியதுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். உண்மைதான். 1713-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய இந்த ஊரை 1758-இல் ஆங்கிலேயர் இரண்டாம் முறை பிடித்தார்கள். இன்னொரு முறை திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று 1760-இல் கோட்டைச் சுவர்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் இருநூறு ஆண்டுகள் அது புல் மூடிய மேடாகவும், ஆடு மேயும் இடமாகவும், சில மீனவர் வீடுகளாகவும் கிடந்தது. 1961-இல் கனடா அரசு மீட்டுக் கட்டும் பணியைத் தொடங்கியதற்கு வரலாற்றுப் பற்று மட்டும் காரணமன்று. தீவின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நலிந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்துகொண்டிருந்தார்கள்; அவர்களில் பலரைக் கல்தச்சர்களாகவும் மரத்தச்சர்களாகவும் கொல்லர்களாகவும் பழக்கித்தான் இந்தக் கோட்டையை எழுப்பினார்கள். மண்ணை அகழ்ந்து அடித்தளங்களைக் கண்டுபிடித்து, பிரான்சின் ஆவணக் காப்பகங்களிலிருந்து வரைபடங்களையும், வீட்டு உடைமைப் பட்டியல்களையும், நீதிமன்றப் பதிவுகளையும் பல லட்சம் பக்கங்கள் படியெடுத்து, கதவின் கீல் எப்படி இருந்தது என்பது வரை ஆராய்ந்து கட்டினார்கள். அப்படியும் பழைய ஊரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் எழுந்திருக்கிறது. மீதி இன்னும் புல்லுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் புல்வெளியிலும் ஒரு சுற்று நடந்து பாருங்கள், பெரும்பாலானோர் அங்கே போவதில்லை.

வேடம் கட்டியவர்கள் என்பதைப் பற்றி உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 1740களின் ஊரைத்தான், குறிப்பாக 1744-ஆம் ஆண்டை ஒட்டி, அங்கே காட்டுகிறார்கள். வாயிலில் நிற்கும் காவல்வீரனிடம் சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பார்க்கட்டும். கெட்டுப்போன காய்கறியும் கொடுக்காத கூலியும் காரணமாக அந்த ஆண்டு டிசம்பரில் இதே படைவீரர்கள் கலகம் செய்தார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு அந்தக் கதை கிடைக்கும். ரொட்டிக் கடையில் படைவீரர்களுக்கான கறுத்த கனத்த ரொட்டியை இன்றும் சுட்டு விற்கிறார்கள். ஒருவனுக்கு நான்கு நாட்களுக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுத்த ரொட்டி அது. ஒரு துண்டை மென்று முடிப்பதற்குள் உங்கள் மகனுக்கு வரலாறு நன்றாகவே புரிந்துவிடும். ஏழைகளின் விடுதியில் கையில் ஒரு பெரிய கரண்டி மட்டும் கொடுப்பார்கள். கத்தியும் முட்கரண்டியும் மேல்தட்டு விடுதியில்தான்.

இந்த ஊரின் செல்வம் கருவாடு என்பதை நம்மவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். காட் மீனைப் பிளந்து, உப்பிட்டு, கரையில் பரப்பி உலர்த்தி ஐரோப்பாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்து ரம்மும் சர்க்கரைப்பாகும் வந்தன. அந்தக் கப்பல்களில் மனிதர்களும் வந்தார்கள். கினியிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கே அடிமையாக உழைத்த மரி மார்கரித் ரோஸ் என்ற பெண் 1755-இல் விடுதலை பெற்று, மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை மணந்து, அவரோடு சேர்ந்து ஒரு மதுச்சாலை நடத்தி, இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார். ஆளுநரின் பட்டுத் திரைச்சீலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்தப் பெண்ணைப் பற்றியும் கேளுங்கள்.

ஆகவே ஒரு முழு நாள் ஒதுக்கத்தான் வேண்டும். ஜூலையிலும் அங்கே கடற்காற்று குத்தும். எல்லோருக்கும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மையத்திலிருந்து கோட்டை சற்றுத் தூரம்; கோடைக்காலத்தில் பேருந்தில் அழைத்துப்போவார்கள். தெருக்கள் சரளையும் கல்லும் பாவியவை என்பதால் அம்மாவுக்கு ஒரு கைத்தடி இருந்தால் நல்லது.

நடைப்பயணி

பனிக்கரை அம்மாவின் பதிவை மிகவும் விரும்பிப் படித்தேன்; சென்னைச் செய்தி எனக்குப் புதியது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. லூயிஸ்பர்க் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், 1744-இல் நிறுத்திவைத்த கடிகாரம்தான். அந்த ஊரில் வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் யாரும் அங்கே வாழவில்லை. இன்னும் விட்டுப்போகாத வரலாற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்குக் கரையில் ஷெட்டிகாம்ப் என்ற ஊருக்குப் போங்கள். 1755 முதல் ஆங்கிலேயரால் ஊர் ஊராக விரட்டப்பட்ட அக்காடிய பிரெஞ்சு மக்களின் சந்ததியினர் அங்கே இன்றும் தங்கள் பிரெஞ்சைப் பேசுகிறார்கள்; சாக்குத்துணியில் கம்பளி நூலைக் கொக்கியால் இழுத்து விரிப்புகள் செய்கிறார்கள். யாரும் அங்கே யாருக்காகவும் உடை மாற்றிக்கொள்வதில்லை.

சாலையைப் பற்றிச் சொல்கிறேன். கபோட் டிரெயில் 298 கிலோமீட்டர். ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்பது உண்மை. ஆனால் அப்படிச் சுற்றியவர்கள் காரின் கண்ணாடியைத்தான் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். குறைந்தது இரண்டு இரவு, ஒன்று ஷெட்டிகாம்ப் பக்கம், ஒன்று இங்கனிஷ் பக்கம் தங்குங்கள். கடிகாரச் சுற்றில் போனால் நீங்கள் மலையோர வழித்தடத்தில் இருப்பீர்கள். எதிர்ச்சுற்றில் போனால் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். காட்சிக்கு எதிர்ச்சுற்றே சிறந்தது என்றாலும், பின்னிருக்கையில் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் கடிகாரச் சுற்றில் போங்கள்.

மலைப்பகுதியின் பெரும்பங்கு 1936-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது; பரப்பு ஏறக்குறைய 950 சதுர கிலோமீட்டர். உங்கள் மனைவிக்கான பாதை ஸ்கைலைன். போய்வர ஆறரை கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். முடிவில் செங்குத்தான முகட்டின்மேல் மரப்பலகை நடைபாதை கடலை நோக்கிப் படிப்படியாக இறங்கும். அந்தப் படிகள் இறங்கும்போது இனிக்கும், ஏறும்போது மூச்சு வாங்கும். மாலை வெயிலில் போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். திரும்பும் வழி காட்டுக்குள் இருட்டிவிடும் என்பதால் டார்ச் விளக்கு கட்டாயம்.

அந்தப் பாதையில் வேலியிட்ட ஒரு பகுதி வரும். பலர் அது எதற்கு என்று கேட்காமலே கடந்துவிடுகிறார்கள். இத்தீவின் மூஸ் மான்கள் ஒருகாலத்தில் அழிந்துபோயிருந்தன. 1940களின் பிற்பகுதியில் ஆல்பர்ட்டாவிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னர் 1970களில் ஒருவகைப் புழு ஊசியிலைக் காட்டைப் பெருமளவில் தின்றழித்தது. புதிதாய் முளைத்த இளங்கன்றுகள் மான்களுக்கு விருந்தாயின. வேட்டையாட ஓநாயும் இல்லை. மான்கள் பெருகப் பெருகக் காடு மீண்டு எழ முடியாமல் புல்வெளியாகவே நின்றுவிட்டது. வேலிக்கு உள்ளே மரங்கள் வளர்ந்திருப்பதையும் வெளியே புல் மட்டும் இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு ‘பாக்’ என்ற சதுப்புநிலப் பாதை பொருந்தும். அரை கிலோமீட்டர்தான், முழுக்க மரப்பலகை. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச்செடிகளை அங்கே காணலாம். லோன் ஷீலிங் பாதையும் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு; முந்நூறு ஆண்டுகளைக் கடந்த மேப்பிள் மரங்கள் அங்கே நிற்கின்றன. மலை ஏறாமலே மலைமேல் நிற்க விரும்பினால் கேப் ஸ்மோக்கியில் கேபிள் கார் இருக்கிறது. பிளெசன்ட் பேயிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகில் அழைத்துப்போகிறார்கள். பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகப் படகருகே வரும். அந்தி நேரத்தில் காரை மெதுவாக ஓட்டுங்கள். சாலையின் குறுக்கே ஒரு மூஸ் வந்து நின்றால் அதன் உடம்பு உங்கள் முன்கண்ணாடி உயரத்தில் இருக்கும்.

சிட்னி மாணவி

அண்ணா, நான் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவள். இங்கே சிட்னியில், கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஆஸ்திரேலியச் சிட்னி என்று ஊரில் பாதிப்பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருவரும் சொல்லாத மூன்று இடங்களைச் சேர்க்கிறேன்.

கிளேஸ் பேயில் சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பனிக்கரை அம்மா குறிப்பிட்டாரே, கோட்டையைக் கட்டிய சுரங்கத் தொழிலாளர்கள், அவர்களின் உலகம் அங்கே நிலத்துக்கு அடியில் இருக்கிறது. தலைக்கவசத்தை மாட்டிவிட்டு, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரே உள்ளே அழைத்துப்போவார். இந்தத் தீவின் சுரங்கங்கள் கடலுக்கு அடியிலும் பல கிலோமீட்டர் நீண்டு போனவை. உள்ளே கூரை தாழ்வு. முதுகை வளைத்தபடியே நடக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியவர் எந்த வேடமும் போடவில்லை. தன் இருமலோடும் தன் கதையோடும் வந்தார். 1925-இல் வேலைநிறுத்தத்தின்போது நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் இறந்த வில்லியம் டேவிஸின் நினைவாக ஜூன் 11-ஆம் நாளை இங்கே இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். உங்கள் அம்மா மேலே கண்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும், கீழே வர வேண்டாம்.

இரண்டாவது, மிக்மாக் மக்கள் வாழும் எஸ்கசோனி. இந்தத் தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் உனமாகி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கோட்டையை மாற்றி மாற்றிப் பிடித்த கதையெல்லாம் இவர்களுடைய நிலத்தில் நடந்ததுதான். அங்குள்ள கோட் ஐலண்டில் பிரா டோர் ஏரிக்கரையோரமாக இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாதையில் அவர்களே நடத்திச்சென்று, நறும்புகை காட்டி வரவேற்று, கூடை முடைவதையும், நெருப்பில் சுடும் ரொட்டியையும், கிண்ணத்தைத் தட்டிக் காய்களைப் புரட்டி ஆடும் வால்ட்டஸ் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு எங்கள் பாட்டியின் சோழி ஆட்டம் நினைவுக்கு வந்தது. முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

மூன்றாவது, ஐயோனாவில் உள்ள ஹைலண்ட் கிராமம். ஸ்காட்லாந்திலிருந்து புலம்பெயர்ந்த கேலிக் மொழிக்காரர்களின் வீடுகளை, ஓலைக்கூரை போட்ட கல்வீட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து வீடு வரை, பிரா டோர் ஏரியைப் பார்த்த சரிவில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பழைய உடைதான், நடைப்பயணி ஐயா. ஆனால் உடைக்குள் இருப்பவர்கள் அந்த மொழியைப் பேசக் கற்றுக்கொண்டு அதை அழியாமல் காக்க முயல்பவர்கள். புதிதாய் நெய்த கம்பளித் துணியை நனைத்து மேசையில் அடித்து இறுக்கும்போது ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நாற்று நடும்போது பாடும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. என்னையும் உட்காரவைத்துத் துணியின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார்கள்; ஒரு சொல்லும் புரியாமல் தாளம் மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாடு: சைவம் என்றால் கடற்கரை ஊர்களில் உருளைக்கிழங்கும் சாலடும்தான். சிட்னியில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். சமையலறையோடு கூடிய குடிலில் தங்கி, காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

குடந்தைச் செல்வன்

மூவருக்கும் மிக்க நன்றி. பதிவுகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சென்னைக்கு மாற்றாக லூயிஸ்பர்க் என்ற இடம் வந்ததும், “எய்-லா-ஷப்பேல் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதினேன், மாற்றாகக் கொடுத்த ஊர் எது என்று ஒரு பையனும் கேட்டதில்லை, நானும் நின்று யோசித்ததில்லை” என்றார். இப்போது கோட்டைக்கு ஒரு நாள் போதுமா என்று அவரே கேட்கிறார். ஆகவே முதல் நாள் ஐயோனா வழியாகச் சிட்னி, இரண்டாம் நாள் லூயிஸ்பர்க், மூன்றாம் நாள் காலை கிளேஸ் பே, மாலை பாடெக், பிறகு இரண்டு நாள் கடிகாரச் சுற்றில் மலைப்பாதை என்று திட்டமிட்டிருக்கிறேன். எஸ்கசோனியை எங்கே நுழைப்பது என்றுதான் தெரியவில்லை. பாடெக்கில் கிரஹாம் பெல் அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

பனிக்கரை

பெல் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். தொலைபேசியைவிட விமானம்தான் அங்கே பெரிய கதை. 1909 பிப்ரவரி 23 அன்று பாடெக் விரிகுடாவின் பனிக்கட்டிமேல் சில்வர் டார்ட் விமானம் எழும்பியதுதான் கனடாவின் முதல் விசைவிமானப் பறப்பு. மகனுக்கு அது பிடிக்கும்.

எஸ்கசோனி சிட்னிக்கும் பாடெக்குக்கும் இடையில் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மூன்றாம் நாள் கிளேஸ் பேயை முடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகாமல் அந்த ஏரிக்கரைச் சாலையில் போனால் வழியிலேயே வந்துவிடும். பெல்லை நான்காம் நாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். மலைப்பாதைக்கு நேரம் குறையும்தான். அப்போது திமிங்கிலப் படகா, கேபிள் காரா என்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் முன்கூட்டியே கேட்டு ஒன்றை விட்டுவிடுங்கள். லூயிஸ்பர்க்கில் மூடுபனி விழுந்தால் அன்றைய நாளை மாற்றவேண்டாம் தம்பி. மூடுபனிக்குள் பீரங்கி வெடிக்கும்போது அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்பீர்கள். வெயில் நாளில் அது கிடைக்காது.